ப்ராக்ஸியின் வாசல்: லிஸனர் நிரலைப் பிரித்து எழுதுவது எப்படி

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சின்ன திறமூல ப்ராக்ஸியைப் பராமரிக்கிறோம். இணையும் கிளையன்டுக்கும் பின்னால் உள்ள சர்வருக்கும் நடுவில் நின்று இரு பக்கத்துக்கும் கடத்திக்கொடுக்கும் நிரல் அது. கோ மொழியில் எழுதியது. ஒருநாள் அதைப் பயன்படுத்தும் ஒருவர் புகார் போட்டார். கனெக்ட் உடனே ஆகிவிடுகிறதாம், பதில்தான் வருவதில்லையாம். நாலைந்து விநாடி கழித்து தேங்கியதெல்லாம் ஒன்றாக வந்து விழுகிறதாம். சிபியு சும்மா இருக்கிறது, மெமரி சரியாக இருக்கிறது, பின்னால் உள்ள சர்வர்களிலும் குறை இல்லை.

அந்தப் புகாரைத் துரத்திக்கொண்டுதான் லிஸனர் கோப்பைத் திறந்தேன். வரும் இணைப்புகளுக்காகப் போர்ட்டில் காத்திருந்து வாங்கும் பகுதிதான் லிஸனர். ஐந்நூறு வரிக்கு மேல் ஒரே ஃபங்ஷன். போர்ட்டைத் திறப்பது, பழைய யூனிக்ஸ் சாக்கெட் கோப்பை அழிப்பது, குறியாக்கத்துக்கான டிஎல்எஸ் சான்றிதழை ஏற்றுவது, இணைப்பை வாங்குவது, ப்ராக்ஸி புரோட்டோகால் தலைப்பைப் (உண்மையான கிளையன்டின் முகவரி இருக்கும் குறிப்பு, பிறகு விளக்குகிறேன்) படிப்பது, எத்தனை இணைப்பு என்று எண்ணுவது, மூடுவது என எல்லாமே அதற்குள் இருந்தது. ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஆண்டில் வெவ்வேறு ஆள் சேர்த்திருந்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் பெரிய தவறு இல்லை. பலவற்றை மெர்ஜ் செய்தவனும் நான்தான்.

அதை எந்த வரிசையில் பிரித்தோம், எங்கே தடுக்கி விழுந்தோம் என்று இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் கோ மொழியில் இருந்தாலும் சி, ரஸ்ட், பைத்தான் எதில் எழுதிய ப்ராக்ஸிக்கும் இந்த வெட்டுகள் பொருந்தும்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். உங்கள் நிரல் அக்செப்ட் கூப்பிடுவதற்கு முன்பே கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, இணைப்பைத் தொடங்கும் டிசிபி கைகுலுக்கலை முடித்துவிடுகிறது. முடிந்த இணைப்புகள் ஒரு வரிசையில் காத்திருக்கும். அந்த வரிசையின் தலையில் இருப்பதை எடுத்துத் தருவது மட்டுமே அக்செப்டின் வேலை. அதனால்தான் புகார் கொடுத்தவருக்கு கனெக்ட் உடனே ஆனது. கர்னல் வாங்கி வைத்துவிட்டது, நாங்கள்தான் எடுக்கவில்லை.

லினக்ஸில் இதைக் கண்ணால் பார்க்கலாம். சாக்கெட்டுகளை (நிரல் நெட்வொர்க்கோடு பேசும் முனைகள்) பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையை லிஸன் நிலையில் உள்ள டிசிபி சாக்கெட்டுகளுக்கு மட்டும் ஓடவிடுங்கள். சாதாரண இணைப்பில் ரிசீவ்-க்யூ என்றால் இன்னும் படிக்காத பைட்டுகள். லிஸன் சாக்கெட்டில் அதே எண்ணுக்குப் பொருள் வேறு: எடுக்கப்படாமல் காத்திருக்கும் இணைப்புகளின் எண்ணிக்கை. பக்கத்தில் இருக்கும் சென்ட்-க்யூ அந்த வரிசையின் உச்ச அளவு. இந்த உச்சத்துக்குக் கர்னல் வைக்கும் வரம்பு சோமேக்ஸ்கான். நீண்ட காலம் 128 ஆக இருந்தது, லினக்ஸ் 5.4-இல் 4096 ஆனது. புகார் கொடுத்தவரிடம் இந்தக் கட்டளையை விநாடிக்கு ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். ரிசீவ்-க்யூ பூஜ்யத்திலிருந்து நாற்பது, ஐம்பது என ஏறி, திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. ஐந்து விநாடிக்கு அக்செப்டை யாருமே கூப்பிடவில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

கை வைப்பதற்கு முன்

இப்போது நடப்பது என்ன என்று பதிந்து வைக்காமல் எதையும் நகர்த்தாதீர்கள். லிஸனர் நிரலில் பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். நெட்வொர்க்கைத் தொடும் நிரலுக்கு டெஸ்ட் எழுதுவது கஷ்டம் என்ற நினைப்புதான் காரணம். உண்மையில் கோ மொழியில் இது ரொம்பச் சுலபம். நெட் பொதியில் இருக்கும் லிஸனர் என்ற இன்டர்ஃபேஸுக்கு மூன்றே மெத்தட்தான்: அக்செப்ட், க்ளோஸ், முகவரியைச் சொல்லும் ஒன்று. இருபது வரியில் ஒரு போலி லிஸனர் எழுதிவிடலாம். முதல் தடவை கூப்பிட்டால் ஃபைல் டிஸ்க்ரிப்டர் (திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் சாக்கெட்டுக்கும் கர்னல் தரும் எண்) தீர்ந்தது என்ற பிழை, இரண்டாம் தடவை உண்மையான இணைப்பு, மூன்றாம் தடவை மூடிவிட்டது என்ற பிழை. இப்படி நாமே வரிசை போட்டுக் கொடுத்து, லூப் பிழைத்து நிற்கிறதா என்று பார்க்கலாம்.

நாங்கள் எழுதியதில் உயிரைக் காப்பாற்றிய டெஸ்ட் ஒன்று உண்டு. அதற்கு "பேசாத விருந்தாளி" என்று பெயர் வைத்தோம். முதல் கிளையன்ட் இணைந்துவிட்டு ஒரு பைட்டும் அனுப்பாமல் சும்மா இருக்கும். இரண்டாவது கிளையன்ட் இணைந்து ஒழுங்காகக் கேள்வி அனுப்பும். இரண்டாவதற்கு ஒரு விநாடிக்குள் பதில் வர வேண்டும். அவ்வளவுதான். ப்ராக்ஸி புரோட்டோகாலைப் போட்டு ஓட்டினால் எங்கள் பழைய நிரல் இதில் தோற்றது. தோற்ற டெஸ்டை அப்போதே சரிசெய்யப் போகாமல், புகார் எண்ணை எழுதி ஸ்கிப் என்று குறித்து வைத்தேன். மறுசீரமைப்பும் பிழைத்திருத்தமும் ஒரே கமிட்டில் கலக்கக் கூடாது. கலந்தால் ஆறு மாதம் கழித்து, பிழை நுழைந்த கமிட்டைத் தேடி பைசெக்ட் ஓட்டுகிறவர் எதைக் குறை சொல்வது என்று தெரியாமல் நிற்பார்.

இன்னும் இரண்டு டெஸ்ட் அவசியம். மூன்று முகவரிகளைக் கொடுத்து, மூன்றாவது ஏற்கெனவே வேறொருவர் கையில் இருந்தால், முதல் இரண்டும் விடுவிக்கப்படுகின்றனவா? மூடிய பிறகு அதே போர்ட்டை மறுபடி திறக்க முடிகிறதா? போர்ட் எண்ணை எங்கேயும் நேரடியாக எழுதாதீர்கள். பூஜ்யம் என்று கொடுத்தால் காலியாக இருக்கும் ஒன்றைக் கர்னலே தரும், பிறகு லிஸனரிடமே எந்த எண் என்று கேட்டுக்கொள்ளலாம். 8080 என்று எழுதிவிட்டு, டெஸ்டுகள் இணையாக ஓடும் இயந்திரத்தில் அது எப்போதாவது ஒருமுறை மட்டும் தோற்பதைத் தேடி நான் ஒரு வார இறுதியைத் தொலைத்திருக்கிறேன்.

முதல் வெட்டு: திறப்பது வேறு, வாங்குவது வேறு

ஐந்நூறு வரியில் முதலில் பிரிக்க வேண்டியது சாக்கெட்டைத் திறக்கும் பகுதி. கான்ஃபிகைப் படித்து, சாக்கெட்டுகளைத் திறந்து, திறந்த லிஸனர்களின் பட்டியலைத் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷன். இது எந்த இணைப்பையும் வாங்காது, கோரூட்டீன் (கோ மொழியில் இணையாக ஓடும் வேலை) எதையும் கிளப்பாது. ஒன்று திறக்காவிட்டாலும் அதுவரை திறந்த எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பிழையைத் தரும்.

நாங்கள் முன்பு ஒவ்வொரு முகவரியையும் திறந்த கையோடு அதன் அக்செப்ட் லூப்பையும் கிளப்பிவிட்டோம். மூன்றாவது முகவரி தோற்றால் முதல் இரண்டிலும் ஏற்கெனவே ஆட்கள் உள்ளே வந்திருப்பார்கள், ப்ராக்ஸியோ வெளியேறத் தயாராகிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் திறந்து முடித்த பிறகே வாங்கத் தொடங்குவது என்று ஆனதும், தொடங்கும்போது வரும் கோளாறுகளில் பாதி மறைந்தது.

பெரிய ப்ராக்ஸிகளும் இந்த வெட்டைப் போட்டிருக்கின்றன. வில்லி டாரோ 2001-இல் வெளியிட்ட ஹெச்ஏப்ராக்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் லிஸனர் என்ற ஒரே ஸ்ட்ரக்ட் முகவரி, ஃபைல் டிஸ்க்ரிப்டர், நிலை, வரம்பு எல்லாவற்றையும் வைத்திருந்தது. 2020 நவம்பரில் வந்த 2.3 பதிப்புக்கான வேலையில் அதிலிருந்து ரிசீவர் என்று ஒரு தனி ஸ்ட்ரக்டைப் பிரித்தெடுத்தார்கள். முகவரியும் டிஸ்க்ரிப்டரும் ரிசீவரிடம் போயின. இணைப்பை வாங்கி மேலே அனுப்பும் பொறுப்பு லிஸனரிடம் நின்றது. டிசிபிக்குப் பதிலாக யுடிபி மேல் ஓடும் க்யுஐசி என்ற புரோட்டோகாலை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். அங்கே அக்செப்ட் என்ற அழைப்பே கிடையாது, ஒரே சாக்கெட்டில் எல்லோருடைய பாக்கெட்டும் வந்து விழும். பாக்கெட் வந்து சேரும் இடமும் இணைப்பு பிறக்கும் இடமும் ஒன்றுதான் என்று எழுதிய நிரலில் அதைச் சேர்க்கவே முடியாது. 2022-இல் வந்த 2.6-இல் ஹெச்ஏப்ராக்ஸி க்யுஐசி மேல் ஹெச்டிடிபி 3-ஐத் தந்தது.

உங்கள் ப்ராக்ஸிக்கு க்யுஐசி தேவையே இல்லாமல் இருக்கலாம். அப்போதும் இந்த வெட்டால் பலன் உண்டு. சாக்கெட்டை நாமே திறக்காமல் வேறொருவர் திறந்து கையில் கொடுக்கும் வழி ஒன்று இருக்கிறதே, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி செய்வது. லிஸன்-எஃப்டிஎஸ் என்ற சூழல் மாறியில் எத்தனை சாக்கெட் என்று சொல்லி, டிஸ்க்ரிப்டர் எண் 3-இலிருந்து வரிசையாக வைத்துவிட்டுப் போகும். திறக்கும் பகுதி தனியாக இருந்தால் இது அதற்குள் இன்னொரு கிளை, அவ்வளவே. லிஸன்-பிஐடி மாறியில் இருப்பது நம் ப்ராசஸ் எண்தானா என்று பார்க்க மட்டும் மறக்காதீர்கள்.

இரண்டாவது வெட்டு: லூப்

அக்செப்ட் லூப்பை ஒரே திரையில் அடங்கும் அளவுக்குச் சுருக்குங்கள். எங்களுடையது கடைசியில் நாற்பது வரிக்குள் வந்தது. அதற்குள் இருக்க வேண்டியவை: வாங்கு, பிழை என்றால் என்ன வகை என்று பார், இல்லையென்றால் கைமாற்று.

பிழைகளைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லாப் பிழையும் ஒரே ஜாதி இல்லை. வரிசையில் காத்திருந்த கிளையன்ட் நாம் எடுப்பதற்குள் போய்விட்டது என்பது ஒரு வகை. அது அந்த ஒரு இணைப்பின் பிரச்சினை, லிஸனருக்கு ஒன்றும் ஆகவில்லை. கோ மொழி இதை உள்ளேயே விழுங்கிவிட்டு அடுத்ததை எடுக்கும், சி-யில் எழுதினால் நீங்கள்தான் கையாள வேண்டும். லினக்ஸில் இன்னொரு பழக்கமும் உண்டு. புது இணைப்பில் ஏற்கெனவே நேர்ந்த நெட்வொர்க் பிழைகளை அது அக்செப்டின் பிழையாகவே திருப்பித் தரும். இவற்றைப் பார்த்துப் பயந்து லிஸனரையே மூடிவிடும் நிரலை நான் பார்த்திருக்கிறேன்.

டிஸ்க்ரிப்டர் தீர்ந்துபோவது இன்னொரு வகை, இதுதான் ஆபத்தானது. அக்செப்ட் தோற்கும், ஆனால் இணைப்பு வரிசையிலேயே இருக்கும். சாக்கெட்டில் ஏதாவது வந்தால் நிரலுக்குச் சொல்லும் ஈபோல் "வந்திருக்கிறது, எடு" என்று மறுபடி எழுப்பும். எடுக்கப் போனால் மறுபடி தோற்கும். ஒரு கோர் முழுக்க நூறு சதவீதத்தில் ஓடி, லாக் கோப்பு டிஸ்க்கை நிரப்பும். எனவே இங்கே கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும். கோ மொழியின் சொந்த ஹெச்டிடிபி சர்வர் முதலில் 5 மில்லி விநாடி தூங்கும், தோற்கத் தோற்க இரட்டிப்பாக்கி அதிகபட்சம் 1 விநாடி வரை போகும், ஒருமுறை ஜெயித்தால் பூஜ்யத்துக்குத் திரும்பும். அதையே அப்படியே எடுத்துக்கொண்டோம். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் இந்த நிலையில் லிஸன் சாக்கெட்டுகளை நிகழ்வுப் பட்டியலிலிருந்தே கொஞ்ச நேரம் எடுத்துவிடுகிறது. அதுவும் நல்ல வழி.

தூங்கும்போது ஒரு கவனம். மூடும் கட்டளை வந்தால் தூக்கம் உடனே கலைய வேண்டும். எங்கள் மறுபரிசீலனையில் ஒரு நண்பர் "ஸ்லீப் நடுவில் ஷட்டவுன் வந்தால் என்ன ஆகும்?" என்று ஒரே வரியில் கேட்டார். நேரடி ஸ்லீப்பை எடுத்துவிட்டு, டைமர், மூடும் சமிக்ஞை இரண்டையும் சேர்த்துக் காத்திருக்கும்படி மாற்றினோம்.

மூன்றாவது வகை, நாமே மூடியதால் வரும் பிழை. எங்கள் பழைய நிரல் பிழைச் செய்தியின் ஆங்கில வாசகத்தைச் சரத்தோடு சரமாக ஒப்பிட்டு இதைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் வேறு வழி இல்லை. கோ 1.16-இலிருந்து நெட் பொதி இதற்கென ஒரு பிழை மதிப்பை வெளியே தருகிறது, அதோடு ஒப்பிட்டால் போதும். இந்த மூன்றிலும் சேராத பிழை என்றால் லாக் எழுதி, அந்த லிஸனர் செத்துவிட்டது என்று மேலே சொல்லுங்கள். சத்தமில்லாமல் லூப்பை விட்டு வெளியேறினால், ப்ராசஸ் உயிரோடு இருக்கும், போர்ட் திறந்திருக்கும், யாருக்கும் பதில் மட்டும் போகாது.

மூன்றாவது வெட்டு: கைமாற்றுவது

கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க நிற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். வருபவரை வரவேற்று உள்ளே அனுப்புவதுதான் அவர் வேலை. ஒரு விருந்தாளியோடு பேசிக்கொண்டே அவர் பந்தி வரைக்கும் போய்விட்டால் வாசலில் கூட்டம் நிற்கும். அக்செப்ட் லூப்பும் அப்படியே. கிளையன்ட் ஏதாவது அனுப்பும் வரை காத்திருக்கும் ஒரு வரிகூட அதற்குள் இருக்கக் கூடாது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள நேரம் இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் புகாருக்குக் காரணம் இதுவேதான். ப்ராக்ஸி புரோட்டோகால் என்பது முன்னால் நின்று இணைப்புகளைப் பகிர்ந்து அனுப்பும் லோட் பேலன்சர், உண்மையான கிளையன்டின் முகவரியை இணைப்பின் தொடக்கத்தில் ஒரு சின்னத் தலைப்பாக எழுதி அனுப்பும் முறை. இதையும் வகுத்தவர் வில்லி டாரோதான். முதல் வடிவத்தில் தலைப்பு ஒரு வரி உரை, அதிகபட்சம் 107 பைட். இரண்டாம் வடிவம் பைனரி, 12 பைட் கையொப்பத்தோடு தொடங்கும். எங்கள் நிரல் இந்தத் தலைப்பை அக்செப்ட் லூப்புக்குள்ளேயே படித்தது, 5 விநாடி காலக்கெடு வைத்து. புகார் கொடுத்தவர் புதிதாக வைத்த லோட் பேலன்சரோ, உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் பத்து விநாடிக்கு ஒருமுறை இணைந்து, எதுவும் அனுப்பாமல் சும்மா இருந்தது. ஒவ்வொரு முறையும் ஐந்து விநாடிக்கு வாசல் அடைத்துக்கொண்டது.

சரி, தலைப்பைப் படிப்பதை வெளியே நகர்த்தினால் முடிந்தது என்று நினைத்தேன். சொந்தமாக எழுதிய பகுதியை எடுத்துவிட்டு, முதன்முதலாக ரீட் கூப்பிடும்போது மட்டும் தலைப்பைப் படிக்கும் ஒரு லிஸனர் உறையைப் போட்டேன். அப்படி நடந்துகொள்ளும் திறமூல நூலகங்கள் கிடைக்கின்றன. டெஸ்டை ஓட்டினால் பேசாத விருந்தாளி மறுபடி தோற்றது! ஒரு மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குற்றவாளி லாக் வரி. லூப்பில் இணைப்பை வாங்கியதும் "புது இணைப்பு, இன்ன முகவரியிலிருந்து" என்று எழுதினோம். முகவரிக்காக இணைப்பின் ரிமோட் அட்ரஸ் மெத்தடைக் கூப்பிட்டோம். சாதாரண இணைப்பில் அது காத்திருக்காமல் பதில் தரும். இந்த உறையில் உண்மையான முகவரி தலைப்புக்குள் இருக்கிறது, எனவே மெத்தட் முதலில் தலைப்பைப் படிக்கப் போகும், அதாவது கிளையன்டுக்காகக் காத்திருக்கும். பெயரைப் பார்த்தால் சும்மா ஒரு மதிப்பைத் தரும் மெத்தட் போல இருக்கிறது, உள்ளே நெட்வொர்க் வாசிப்பு நடக்கிறது. லாக் வரியைக் கோரூட்டீனுக்குள் நகர்த்தியதும் டெஸ்ட் ஜெயித்தது. அதிலிருந்து, லூப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு மெத்தட் அழைப்பையும் அதன் உள்ளே போய்ப் படித்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஐபி தடைப்பட்டியலைப் பார்ப்பது, அளவீட்டு எண்ணைக் கூட்டுவது, ட்ரேசிங் என்று எந்த மூலையிலிருந்தும் இது முளைக்கலாம்.

டிஎல்எஸ் கைகுலுக்கலும் இதே கதைதான். கோ மொழியின் டிஎல்எஸ் லிஸனர் அக்செப்டில் கைகுலுக்காது, முதல் ரீட் அல்லது ரைட் வரும்போதோ நாம் வெளிப்படையாகக் கேட்கும்போதோதான் செய்யும். அது நல்லது. கைமாற்றிய பிறகு, கோரூட்டீனுக்குள், காலக்கெடு வைத்து வெளிப்படையாகக் கைகுலுக்கச் சொல்லுங்கள். காலக்கெடு இல்லாவிட்டால் பேசாத கிளையன்டுகள் வாசலை அடைக்காமல் வீட்டுக்குள் வந்து நிரம்புவார்கள், டிஸ்க்ரிப்டர் தீரும் வரை. என்வாய் என்ற ப்ராக்ஸி இந்த இடைக்கட்டத்துக்குத் தனி இடமே கொடுத்திருக்கிறது. வாங்கிய சாக்கெட் முழு இணைப்பாக மாறுவதற்கு முன் லிஸனர் ஃபில்டர்கள் வழியாகப் போகும். ப்ராக்ஸி புரோட்டோகால் தலைப்பைப் படிப்பதும், டிஎல்எஸ்ஸின் முதல் செய்தியை எட்டிப் பார்ப்பதும் அங்கேதான். நாம் எதுவும் சொல்லாவிட்டால் 15 விநாடி காலக்கெடு.

உறைகளை அடுக்கும் வரிசை மாறிவிடக் கூடாது. ப்ராக்ஸி தலைப்பு டிஎல்எஸ்ஸுக்கு வெளியே, குறியாக்கம் இல்லாமல் முதலில் வரும். எனவே மூல லிஸனர் மேல் ப்ராக்ஸி உறை, அதன் மேல் டிஎல்எஸ் உறை. அப்புறம், தலைப்பை எல்லோரிடமிருந்தும் நம்பாதீர்கள். லோட் பேலன்சரின் முகவரியிலிருந்து வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் தனக்குப் பிடித்த ஐபியை எழுதிக்கொண்டு வரலாம். இரண்டாம் வடிவத்தில் லோக்கல் என்றொரு கட்டளை உண்டு, லோட் பேலன்சர் தானே பரிசோதனைக்கு வரும்போது அனுப்புவது. அதைப் பிழை என்று தள்ளாமல் சாக்கெட்டின் சொந்த முகவரியையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை இணைப்பு என்ற வரம்பை எங்கே வைப்பது? வாங்கிய பிறகு எண்ணிப் பார்த்து, அதிகம் என்றால் மூடிவிடலாம். அல்லது இடம் கிடைக்கும் வரை அக்செப்டையே கூப்பிடாமல் இருக்கலாம், மிச்சம் கர்னல் வரிசையில் நிற்கும். கோ குழுவின் துணைப் பொதியில் உள்ள லிமிட் லிஸனர் இரண்டாவது வழியைப் பின்பற்றுகிறது. எனக்கும் அதுவே பிடித்திருக்கிறது, திடீர்க் கூட்டம் தானாகவே தாங்கப்படும். இடத்தைத் திருப்பிக் கொடுப்பது மட்டும் ஒரே ஒரு முறை நடக்க வேண்டும். க்ளோஸை இருவர் கூப்பிடுவது சகஜம், எங்கள் எண்ணி அப்படித்தான் ஒருநாள் மைனஸுக்குப் போனது.

மூடுவது

மூடும் வரிசை: முதலில் லிஸனரை மூடு, அக்செப்ட் லூப்புகள் வெளியேறும் வரை பொறு, பிறகு உள்ளே இருக்கும் இணைப்புகள் முடியக் கொஞ்ச நேரம் கொடு, அதற்கும் மேல் இருப்பவற்றை வெட்டு. இணைப்புகளை எண்ணும் வெயிட் குரூப்பில் சேர்ப்பதைக் கோரூட்டீனுக்குள் செய்யாமல், அதைக் கிளப்புவதற்கு முன்பே லூப்பில் செய்யுங்கள். உள்ளே செய்தால், எல்லாம் முடிந்தது என்று எண்ணி வெளியேறும் நொடியில் ஒன்று புதிதாக உள்ளே வந்திருக்கும்.

இணைப்பை இழக்காமல் பதிப்பு மாற்ற நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. லினக்ஸ் 3.9 முதல் இருக்கும் ரீயூஸ்போர்ட் வசதியால் பழைய ப்ராசஸும் புதியதும் ஒரே போர்ட்டைத் திறக்கலாம். ஆனால் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி வரிசை. பழையது மூடும்போது அதன் வரிசையில் எடுக்கப்படாமல் நின்றவர்களுக்கு ரீசெட் போகும். இதைத் தவிர்க்கத்தான் ஹெச்ஏப்ராக்ஸி 1.8-இல் லிஸன் சாக்கெட்டுகளையே யூனிக்ஸ் சாக்கெட் வழியாகப் பழைய ப்ராசஸிலிருந்து புதியதற்குக் கைமாற்றத் தொடங்கியது. சாக்கெட் ஒன்றே என்பதால் வரிசையும் ஒன்றே.

அப்படிக் கைமாற்றும்போது கோ மொழியில் ஒரு குழி இருக்கிறது. யூனிக்ஸ் சாக்கெட் லிஸனரை அதைத் திறந்த ப்ராசஸ் மூடினால் சாக்கெட் கோப்பும் சேர்ந்து அழியும். புதியது டிஸ்க்ரிப்டரை வைத்துக்கொண்டு ஒழுங்காகக் காத்திருக்கும், ஆனால் அதை அடையும் பாதை கோப்பு மண்டலத்தில் இருக்காது. பழையது மூடுவதற்கு முன் அந்தத் தானியங்கி அழிப்பை அணைத்துவிட வேண்டும். அதற்கென்றே யூனிக்ஸ் லிஸனரில் ஒரு மெத்தட் இருக்கிறது.

கமிட்டுகளை அனுப்புவது

திறமூலத் திட்டத்தில் இதைப் படிக்கப் போகிறவர்கள் தங்கள் மாலை நேரத்தைக் கொடுத்துப் படிக்கிறார்கள். இடம் மாற்றுவது மட்டும் ஒரு கமிட், பெயர் மாற்றுவது தனி, நடத்தை மாற்றம் தனி. ஹெச்ஏப்ராக்ஸியில் கமிட் தலைப்பிலேயே ரீஆர்க் என்று ஒரு குறி போடுவார்கள், துண்டுகள் இடம் மாறின, செயல் மாறவில்லை என்று பொருள். அந்தக் குறியைப் பார்த்தவுடன் மறுபரிசீலனை செய்பவருக்கு எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். கிட்டில் நகர்ந்த வரிகளை வேறு நிறத்தில் காட்டும் விருப்பமும் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்தால் நகர்த்தும்போது தப்பித்தவறி மாறிய ஒரு எழுத்தும் தனியாகத் தெரியும். என் இரண்டாவது கமிட்டில் அப்படித்தான் காலக்கெடுவின் அலகு மில்லி விநாடியிலிருந்து விநாடிக்கு மாறியிருந்ததைப் பிடித்தோம்.

எங்கள் தொடர் பதினோரு கமிட்டுகளில் முடிந்தது. ஒவ்வொன்றும் தனியாகக் கம்பைல் ஆகி, இணையாக ஓடும் வேலைகளின் மோதலைக் காட்டும் ரேஸ் டிடெக்டரோடு எல்லா டெஸ்டும் தேறிய பிறகே அடுத்ததற்குப் போனேன். பழைய பெரிய ஃபங்ஷனை ஒரு பதிப்பு வரை வைத்திருந்தோம், புதியவற்றைக் கூப்பிடும் வெறும் கூடாக. வெளியே யாராவது அதை இறக்குமதி செய்து பயன்படுத்தியிருக்கலாம். கடைசிக் கமிட்டுக்கு முந்தையது லாக் வரியைக் கோரூட்டீனுக்குள் நகர்த்தியது. கடைசியானது ஒரே வரி: பேசாத விருந்தாளி டெஸ்டிலிருந்த ஸ்கிப்பை நீக்கியது. புகார் கொடுத்தவர் புதிய பில்டைப் போட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க எஸ்எஸ் கட்டளையை ஓடவிட்டு அனுப்பினார். ரிசீவ்-க்யூ பத்தியில் பூஜ்யம், எப்போதாவது ஒன்று, மறுபடி பூஜ்யம்.